நிதியுதவியின் பெயராக மட்டும் நிற்கலாமா முத்துலட்சுமி?

உத்திரமேரூர் வட்டத்தில் பிள்ளைப்பேற்றை எதிர்நோக்கியிருக்கும் பெண்கள் எல்லாருக்கும் ஒரு பெயர் தெரியும். கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிவு செய்து, எண் வாங்கி, வங்கிக் கணக்குப் புத்தகத்தின் நகலைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் அவர்களுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்பது மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் பெயர். 1987-இல் தொடங்கப்பெற்ற அத்திட்டத்தின் உதவித்தொகை 2006-இல் 6,000 ரூபாயாகவும், 2011-இல் 12,000 ரூபாயாகவும், 2018-இல் ஊட்டச்சத்துப் பெட்டகங்களின் மதிப்பையும் சேர்த்து 18,000 ரூபாயாகவும் உயர்ந்தது. ஏழைக் குடும்பங்களுக்கு அது பேருதவி என்பதில் ஐயமில்லை.

இவ்வட்டத்துச் சிற்றூர்களில் நடக்கும் பெண்கள் நலக் கூட்டங்களுக்குச் சில ஆண்டுகளாகச் சென்று வருகிறேன். மானாம்பதியிலும் சாலவாக்கத்திலும் பெருநகரிலும் அந்தப் பெயருக்குரியவர் யார் என்று கேட்டுப் பார்த்திருக்கிறேன். பழைய முதலமைச்சர் ஒருவரின் உறவினராக இருக்கலாம் என்பது சிலரின் ஊகம். மருத்துவர் என்று சொன்னவர்கள் மிகச் சிலரே. ஒருவரின் பெயர் ஊரெங்கும் பரவியும் அவருடைய வாழ்க்கை யாருக்கும் தெரியாமல் போவது நம் நாட்டில் புதிதன்று. ஆனால், இந்த வாழ்க்கையைத் தெரிந்துகொள்ளாமல் இருப்பதால் நேரும் இழப்பு, இதே ஊர்களில் இன்று 13 வயதிலும் 16 வயதிலும் இருக்கும் பெண்பிள்ளைகளுக்கு நேர்கிறது. அதனால்தான் அந்த வாழ்க்கையைத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

திரைக்குப் பின்னிருந்து மருத்துவக் கல்லூரிக்கு

முத்துலட்சுமி 1886 ஜூலை 30 அன்று புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர் மகாராஜா கல்லூரியின் முதல்வர். தாய் சந்திரம்மாள் இசைவேளாளர் மரபில், தேவதாசி வழக்கத்தோடு தொடர்புடைய குடும்பத்தில் பிறந்தவர். இவ்விரு மரபுகளும் சந்தித்த வீட்டில் பிறந்ததால், ஒரு பெண்ணின் உடல்மீது சமூகம் எத்தனை வகையான உரிமைகளைக் கோருகிறது என்பதை அந்தச் சிறுமி ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

அவர் பூப்பெய்தியதும் பள்ளிக்கூடம் நின்றது. அக்காலத்துப் பெண்பிள்ளைகள் எல்லாருக்கும் நேர்ந்ததுதான் அது. உடலில் இயல்பாக நிகழும் மாற்றம் ஒன்று, படிப்பு, வெளியுலகு, விளையாட்டு அனைத்தையும் ஒரே நாளில் அடைத்துவிடும். என்ன நிகழ்ந்தது என்று யாரும் சொல்லமாட்டார்கள். எங்கெல்லாம் இனிப் போகக்கூடாது என்பதை மட்டும் சொல்லுவார்கள். தாய் திருமணத்தைப் பற்றி நினைக்க, தந்தை வீட்டிலேயே பாடம் சொல்லித்தர ஏற்பாடு செய்தார். 1902-இல் முத்துலட்சுமி மெட்ரிகுலேஷன் தேர்வில் வெற்றி பெற்றார்.

ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் அவர் இடம் கேட்டபோது எதிர்ப்பு எழுந்தது. பெண்ணொருத்தி வந்தால் தம் பிள்ளைகளை நிறுத்திவிடுவதாகப் பெற்றோர் எச்சரித்தனர். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அந்த எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் 1904-இல் இடமளித்ததோடு உதவித்தொகையும் வழங்கினார். 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முத்துலட்சுமி, 1912-இல் பரிசுகளும் பதக்கங்களும் பெற்றுப் பட்டம் வாங்கினார். எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையின் முதல் பெண் உள்ளுறை மருத்துவராகவும் ஆனார்.

1914-இல் மருத்துவர் சுந்தர ரெட்டியை மணந்துகொண்டார். தம்மைச் சமமாக மதிக்க வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக்கூடாது என்பவை அத்திருமணத்துக்கு அவர் விதித்த நிபந்தனைகள். சடங்குகள் இன்றி 1872-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டத்தின்படி அம்மணம் நடந்தது. தம் உடலையும் வாழ்வையும் பற்றி ஒரு பெண் பேசி முடிவெடுக்கலாம் என்பதை அவர் பிறருக்குச் சொல்லுவதற்கு முன்பாகத் தம் வாழ்விலேயே நடத்திக்காட்டியிருந்தார்.

மருத்துவராக அவர் கண்டவை அவரை அமைதியாக இருக்கவிடவில்லை. தம் உடலே முழுமையாக வளராத வயதில் பிள்ளைபெற வந்த தாய்மார்கள், கணவனிடமிருந்து தொற்றிய நோயை என்னவென்று அறியாமலே சுமந்த மனைவியர், வெட்கத்தால் கடைசிவரை மறைத்து, குணப்படுத்த முடியாத நிலையில் மருத்துவமனைக்கு வந்தவர்கள் என அக்காலத்துப் பெண்கள் மருத்துவமனைகள் கண்ட துயரங்கள் பல. சகோதரி சுப்புலட்சுமி நடத்திய இளம் விதவையர் இல்லத்துக்கும் முத்துலட்சுமி மருத்துவ உதவி அளித்தார். தாம்பத்தியம் என்றால் என்னவென்று தெரியும் முன்பே விதவைகளாகிவிட்ட சிறுமியர் அங்கே இருந்தார்கள். மருந்தால் தீராத நோய்கள் இவை என்ற முடிவுக்கு அவர் வந்ததில் வியப்பில்லை.

சட்டமன்றத்தில் ஒரு மருத்துவர்

1925-இல் மேற்படிப்புக்காக இங்கிலாந்து சென்ற அவர், 1926-இல் பாரிசில் நடந்த உலகப் பெண்கள் மாநாட்டில் இந்தியாவின் சார்பில் பங்கேற்றார். திரும்பியபோது சென்னை சட்டமன்ற மேலவை அவருக்காகக் காத்திருந்தது. 1917-இல் அடையாற்றில் தொடங்கப்பெற்ற இந்திய மாதர் சங்கத்தின் முயற்சியால் நியமன உறுப்பினரான அவரை, 1927 தொடக்கத்தில் அவை ஒருமனதாகத் துணைத்தலைவராகத் தேர்ந்தெடுத்தது. பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டமன்றத்தில் அமர்ந்த முதல் பெண் அவர்தாம்.

ஆண்கள் நிறைந்த அவையில் தனியொரு பெண்ணாக நின்று, அதுவரை யாரும் அங்கே உச்சரிக்கத் துணியாதவற்றைப் பேசினார். சிறுமியரைக் கோயில்களுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்ற தீர்மானத்தை 1927 நவம்பரில் கொண்டுவந்தார். திருமண வயதைப் பெண்ணுக்கு 16, ஆணுக்கு 21 என்றேனும் உயர்த்த வேண்டும் என்று 1928-இல் வலியுறுத்தினார். அடுத்த ஆண்டு நிறைவேறிய சாரதா சட்டம் பெண்ணுக்கு 14 வயதோடு நின்றுவிட்டது. அவர் கேட்டது அதைவிட முன்னோக்கியது. தேவதாசியருக்கு அளிக்கப்பட்ட மானிய நிலங்களைக் கோயில் பணியிலிருந்து விடுவித்து அவர்களுக்கே உரிமையாக்கும் திருத்தச் சட்டம் 1929-இல் நிறைவேறியது. பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை, ஏழைப் பெண்பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாக் கல்வி, குழந்தைகளுக்கான தனி மருத்துவப் பிரிவு என அவர் கோரிக்கைகள் நீண்டன. 1930-இல் காந்தியடிகள் கைதானதைக் கண்டித்துப் பதவியைத் துறந்தார். அவர் முன்வைத்த பொட்டுக்கட்டு ஒழிப்பு, முழுமையான சட்டமாவதற்கு 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பாடநூல்களில் நாம் படிக்கும் முத்துலட்சுமி பெரும்பாலும் இவ்வளவுதான். முதல் பெண், முதல் பதவி, முதல் சட்டம் என்று அடுக்கிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். ஆனால், அவர் வாழ்வில் இரு கைகள் வேலை செய்தன என்பது என் கருத்து. ஒரு கை சட்டம் எழுதியது. மறு கை, கதவைத் தட்டி வந்த பெண்ணை உள்ளே அழைத்துப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டது. முதல் கையின் வேலையை அரசுகள் தொடர்ந்து செய்தன. மறு கையின் வேலைதான் பாதியில் நிற்கிறது.

ஔவை இல்லம் சொல்லும் பாடம்

பொட்டுக்கட்டு வழக்கத்திலிருந்து தப்பித்து வந்த இளம்பெண்கள் சிலர் முத்துலட்சுமியின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அவர்களைச் சேர்த்துக்கொள்ளச் சென்னையின் விடுதிகள் முன்வரவில்லை. சட்டமன்றத்தில் அவர்களுக்காகப் பேசியவர், அவர்களைத் தம் வீட்டிலேயே தங்கவைத்தார். 1930-களின் தொடக்கத்தில் ஔவை இல்லம் பிறந்தது இப்படித்தான். பின்னர் அது அடையாற்றில் நிலைகொண்டது. சாதி பாராமல், பிறப்பு கேளாமல், ஆதரவற்ற பெண்பிள்ளைகள் அங்கே சேர்க்கப்பட்டனர். ஆசிரியர்களாகவும் செவிலியர்களாகவும் உருவாயினர்.

இந்த இல்லத்தில் நான் காணும் சிறப்பு, அங்கு வளர்ந்தவர்களே அடுத்து வந்தவர்களுக்கு வழிகாட்ட முடிந்தது என்பது. முன்பின் தெரியாத ஊரில், அவமானத்தோடும் அச்சத்தோடும் வந்து சேரும் ஒரு சிறுமிக்கு, சட்டப் பிரிவுகளைக் காட்டிலும் தன்னைப்போலவே வந்து தேறிய மற்றொரு பெண் அருகில் இருப்பது பெரிய மருந்து.

இதே காலத்தில், இதே பணியை வேறொரு திசையிலிருந்து செய்தவர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். 1883-இல் பிறந்து, பொட்டுக்கட்டு மரபின் சூழலிலேயே வளர்ந்து, அதிலிருந்து வெளியேறியவர் அவர். மாநாட்டு மேடைகளோடு நில்லாமல், அந்தக் குடும்பங்களின் பெண்களை நேரில் சந்தித்துப் பேசினார். தம் பட்டறிவை 1936-இல் புதினமாகவும் எழுதினார். அவர் சொன்னதைப் பெண்கள் நம்பியதற்குக் காரணம், அவர் அவர்களில் ஒருவர் என்பதுதான். முத்துலட்சுமி அவையில் வாதாடியதும் இராமாமிர்தம் வாசற்படியில் அமர்ந்து பேசியதும் ஒன்றையொன்று நிறைவு செய்தன. இன்று பொதுநலத் துறையினர் சகக் கல்வி என்று பெயரிட்டு அழைக்கும் முறையை அந்தப் பெயர் பிறக்கும் முன்பே நடத்திக்காட்டியவர் என்று இராமாமிர்தத்தைச் சொல்லலாம்.

சட்டத்தின் நிழல்

முத்துலட்சுமியைப் போற்றுவது அவரைக் கேள்விக்கு அப்பாற்பட்டவராக ஆக்குவதாகாது. அவருடைய மொழி ஒழுக்கத்தின் மொழி. தூய்மை, மாசு என்ற இரு சொற்களுக்கிடையே பெண்ணின் உடலை நிறுத்திப் பேசிய காலத்தின் மொழி. அவருடைய தீர்மானத்தைத் தேவதாசியர் சங்கங்கள் எதிர்த்தபோது, தங்கள் கலையும் சொத்துரிமையும் என்னவாகும் என்று அவர்கள் கேட்ட கேள்விக்கு முழுமையான விடை கிடைக்கவில்லை. பாலியல் தொழிலை ஒடுக்க 1930-இல் சென்னை மாகாணத்தில் வந்த சட்டத்துக்கும் அவருடைய ஆதரவு இருந்தது. விடுதி நடத்துவோரிடமிருந்து சிறுமியரைக் காப்பது அதன் நோக்கம். நடைமுறையிலோ, இவ்வகைச் சட்டங்களின் சுமை பெரும்பாலும் பெண்கள் தலையிலேயே விழுந்தது.

அதன் நீட்சியை 1986-இல் சென்னை கண்டது. முத்துலட்சுமி பட்டம் பெற்ற அதே சென்னை மருத்துவக் கல்லூரியில், 74 ஆண்டுகளுக்குப் பிறகு, பேராசிரியர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்றை முதன்முதலாகக் கண்டறிந்தனர். பாலியல் தொழில் தடுப்புச் சட்டத்தின்கீழ் அரசுக் காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த பெண்களின் இரத்த மாதிரிகளில் அது வெளிப்பட்டது. தொற்று உறுதியான பெண்களை வெளியே விட மறுத்துப் பூட்டிவைத்தார்கள். அவர்களின் விடுதலைக்கு உயர்நீதிமன்றத்தை நாட வேண்டியிருந்தது. காப்பதற்கென்று எழுதப்பட்ட சட்டம், நோயுற்றவளையே குற்றவாளியாக்கி நிறுத்தியது.

பூட்டிவைப்பதால் நோய் குறையாது என்பது விரைவிலேயே தெரிந்துவிட்டது. 1992-இல் கொல்கத்தாவின் சோனாகாச்சியில் மருத்துவர் ஸ்மரஜித் ஜானா வேறு வழியைத் தேர்ந்தார். அங்கிருந்த பெண்களிலிருந்தே சிலரைப் பயிற்றுவித்து, அவர்களே தம் தோழியருக்கு நோயைப் பற்றியும் ஆணுறையைப் பற்றியும் எடுத்துச்சொல்ல வைத்தார். உடன் வாழ்பவள் சொன்னதைப் பெண்கள் கேட்டார்கள். ஆணுறைப் பயன்பாடு உயர்ந்தது. தமிழகம் 1994-இல் எய்ட்ஸ் கட்டுப்பாட்டுக்கெனத் தனிச் சங்கத்தை அமைத்தது. தன்னார்வ அமைப்புகளோடு சேர்ந்து இங்கும் அதே முறை கையாளப்பட்டது. தமிழகத்தில் எச்.ஐ.வி. பரவல் தணிந்ததில், பெயர் வெளியே தெரியாத அந்தப் பெண்களுக்கும் பங்குண்டு. சட்டம் தோற்ற இடத்தில் தோழியின் சொல் வென்ற வரலாறு இது.

உத்திரமேரூர்ப் பெண்பிள்ளைகளின் இன்றைய நிலை

அந்த வரலாற்றை ஒரு கிராமப்புற வட்டத்தில் பொருத்திப் பார்ப்போம். உத்திரமேரூர் வட்டம் ஏரிப் பாசனமும் நெல் வயலும் நிறைந்தது. சாலவாக்கம் பக்கம் கல்குவாரிகள். இருளர் குடியிருப்புகள் ஆங்காங்கே. விடியுமுன் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் இளம்பெண்களை ஏற்றிச் செல்லும் தொழிற்சாலைப் பேருந்துகள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண், தனக்கென்று ஊதியமும் கைப்பேசியும் வாய்க்கப்பெற்று, பெற்றோர் கண்ணுக்கு எட்டாத உலகில் நாளின் பாதியைக் கழிக்கிறாள். அந்த உலகில் அவளுக்கு நட்பும் காதலும் வரும், ஏமாற்றமும் வரும். உடலைப் பற்றி அவளுக்கு யார் சொல்லித் தந்திருக்கிறார்கள்?

கூட்டங்களில் நான் கவனித்த ஒன்று உண்டு. மேடையிலிருந்து மருத்துவர் பேசும்வரை பெண்பிள்ளைகள் தலைகுனிந்தே இருப்பார்கள். ஐயம் இருந்தால் கேளுங்கள் என்றால் ஒருத்தியும் கேட்கமாட்டாள். கூட்டம் கலைந்த பிறகு, வேப்பமரத்தடியிலோ தண்ணீர்க் குழாயடியிலோ இரண்டு மூன்று பேர் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். மாதவிடாய் மூன்று மாதமாக வரவில்லையே, வெள்ளைப்படுதல் நோயா, மாத்திரை சாப்பிட்டால் பிள்ளை பிறக்காமல் போய்விடுமா என்ற கேள்விகள் அங்கேதான் வெளிவரும். பதில் சொல்பவள் பெரும்பாலும் அவர்களைவிட இரண்டு வயது மூத்த, அண்மையில் மணமான ஒருத்தி. அல்லது கைப்பேசித் திரை. அவளுக்குத் தெரிந்ததும் அரைகுறைதான். எனினும் அவர்கள் அவளைத்தான் கேட்கிறார்கள். அந்த நம்பிக்கை ஏற்கெனவே அங்கே இருக்கிறது. சரியான தகவல் மட்டுமே அவளிடம் சேர வேண்டும்.

இதனால் விளையும் இழப்பு சிறிதன்று. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 20 முதல் 24 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 13 பேர் 18 வயதுக்கு முன்பே மணமானவர்கள். 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை. முத்துலட்சுமி பெயரிலான நிதியுதவி பெறத் தாய்க்கு 19 வயது நிறைந்திருக்க வேண்டும். இளவயது மணத்தை ஊக்குவிக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் வைத்த நிபந்தனை அது. ஆனால், 16 வயதில் கருவுற்றுவிட்ட பெண்ணுக்குத்தான் சத்துணவும் பரிசோதனையும் பிறரைவிட மிகுதியாகத் தேவை. எந்தச் சிறுமிகளை நினைத்து முத்துலட்சுமி அவையில் எழுந்து நின்றாரோ, அந்தச் சிறுமி அவர் பெயரிலுள்ள திட்டத்தின் வாசலுக்கு வெளியே நிற்கிறாள்.

அவளை மேலும் ஒதுக்கும் மற்றொன்றும் இருக்கிறது. 2012-இல் வந்த போக்சோ சட்டப்படி, 18 வயதுக்குட்பட்டவர்மீது நிகழும் பாலியல் குற்றம் பற்றி அறியவந்தவர் அதைக் காவல் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். வன்முறைக்கு ஆளான பிள்ளைகளுக்கு அச்சட்டம் அரண். ஆயினும், காதலித்தவனோடு சென்றுவிட்ட சிறுமியோ, பெற்றோரே அவசரமாக மணமுடித்து வைத்த சிறுமியோ வழக்குக்கு அஞ்சி மருத்துவமனைப் படியேறத் தயங்குகிறாள். மருந்துக்கடை மாத்திரையை விழுங்கிவிட்டு, இரத்தப்போக்கு நிற்காதபோதுதான் வருகிறாள். கருக்கலைப்பு நாடிவரும் 18 வயதுக்குட்பட்ட பெண்ணின் அடையாளத்தை, அவள் வேண்டினால், மருத்துவர் காவல் துறையிடம் வெளியிடத் தேவையில்லை என்று 2022 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியது. இந்தத் தீர்ப்பு ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்? அச்சத்தைப் போக்கும் செய்தி, அச்சத்தில் இருப்பவளின் காதுக்கு எட்டுவதற்கு இன்னும் வழி செய்யப்படவில்லை.

வழியே இல்லை என்று சொல்வதற்கில்லை. 2014-இல் நடுவண் அரசு தொடங்கிய வளரிளம் பருவத்தினர் நலத்திட்டம், ஒவ்வொரு ஊரிலும் ஆண்பிள்ளைகளிலும் பெண்பிள்ளைகளிலும் சிலரைத் தேர்ந்து பயிற்றுவித்து, அவர்களைச் சகக் கல்வியாளர்களாக்க வகைசெய்கிறது. ஊரகப் பெண்பிள்ளைகளுக்கு இலவச அணையாடை வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2011-இல் அறிவித்தது. பள்ளிகளில் வாரந்தோறும் இரும்புச்சத்து மாத்திரை தரப்படுகிறது. பொருளும் பணமும் வந்துசேர்கின்றன; பேச்சுதான் வந்துசேரவில்லை. அணையாடைப் பொட்டலத்தைச் செய்தித்தாளில் சுற்றி, தலைகுனிந்து வாங்கிச் செல்லும் பெண்பிள்ளையிடம் அந்தப் பொட்டலம் எதையும் பேசுவதில்லை. உடலைப் பற்றிப் பேசினால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று பெற்றோர் அஞ்சுவதையும் நான் அறிவேன். அந்த அச்சத்தை எள்ளி நகையாடக்கூடாது. ஆனால், பேசாமலிருந்த தலைமுறைகளில் பெண்பிள்ளைகள் பாதுகாப்பாக இருந்தார்களா என்பதை முத்துலட்சுமியின் மருத்துவமனை வாழ்க்கையே சொல்லிவிடுகிறது.

கடைசிப் பெரும் பணி

1923-இல் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம் முத்துலட்சுமியை முப்பது ஆண்டுகள் விடாமல் துரத்தியது. புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை எதற்கு, வந்தவர்கள் இறக்கத்தானே போகிறார்கள் என்ற எண்ணம் பரவியிருந்த காலம் அது. சளைக்காமல் நிதி திரட்டினார். 1952-இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்ட, 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளோடு செயல்படத் தொடங்கியது. மகன் கிருஷ்ணமூர்த்தியும் மருத்துவர் சாந்தாவும் அதை நாடறிந்த நிறுவனமாக வளர்த்தனர்.

அதே 1954-இல் முத்துலட்சுமி மாநிலச் சமூகநல வாரியத்தின் முதல் தலைவரானார். அவ்வாரியங்களின் வழியாகச் சிற்றூர்களில் பால்வாடிகளும் தாய்சேய் நலப் பணிகளும் பெண்களுக்கான எழுத்தறிவு வகுப்புகளும் தொடங்கின. ஊர்ப் பெண்களோடு தங்கிப் பழகிப் பணிசெய்யும் கிராம சேவிகைகளை நம்பி நடந்த திட்டம் அது. சட்டமன்றத்திலிருந்து தொடங்கியவர், வாழ்வின் இறுதிப் பகுதியில் ஊரின் நடுவே இருக்கும் பெண்ணை நாடிச் சென்றார் என்பது கவனிக்கத்தக்கது. 1956-இல் பத்மபூஷண் விருது பெற்றார். 1968 ஜூலை 22 அன்று மறைந்தார்.

அவர் தொடங்கிய மருத்துவமனை நெடுங்காலம் எதிர்த்துப் போராடிய நோய்களில் ஒன்று கருப்பைவாய்ப் புற்றுநோய். பெரும்பாலும் ஒரு வைரஸ் தொற்றால் வருவது, தடுப்பூசியால் தடுக்கக்கூடியது. 14 வயதுப் பெண்பிள்ளைகளுக்கு அந்தத் தடுப்பூசியை இலவசமாகப் போடும் திட்டத்தைத் தமிழக அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. முத்துலட்சுமி உயிரோடிருந்தால் மகிழ்ந்திருப்பார். ஆயினும் ஊசி போடுமுன் ஒரு கேள்வி எழும். இந்த ஊசி எதற்கு? பாலுறவு வழியாகப் பரவும் தொற்றைத் தடுக்க என்று ஒரு 14 வயதுப் பெண்ணிடமும் அவள் தாயிடமும் யார், எந்தச் சொற்களில் சொல்லப்போகிறார்கள்? மழுப்பினால் ஐயம் வளரும். ஊசி போட்டால் பிள்ளைப்பேறு வாய்க்காது என்ற வதந்தி முந்திக்கொள்ளும். போன மாதம் ஊசி போட்டுக்கொண்ட தோழி ஒருத்தி, என்ன நோய், ஏன் இப்போதே, எத்தனை நாள் கை வலித்தது என்று சொன்னால் வதந்திக்கு இடமிருக்காது.

ஊர் செய்யக்கூடியது

எனவே, சில எளிய வேண்டுகோள்கள். ஒவ்வொரு குடியிருப்பிலும், இருளர் குடியிருப்பும் காலனியும் விடுபடாமல், பெண்பிள்ளைகளே தங்களுள் இருவரைத் தேர்ந்தெடுக்கட்டும். அதிகாரிகளோ ஆசிரியரோ நியமித்தால், நன்றாகப் படிக்கும் பிள்ளையைத்தான் நியமிப்பார்கள். மற்றவர்கள் மனந்திறந்து பேசும் பிள்ளை யாரென்பது பிள்ளைகளுக்குத்தான் தெரியும். அவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பயிற்சியும், ஐயம் வந்தால் கேட்க ஒரு செவிலியரின் துணையும், பேருந்துக் கட்டணத்துக்கேனும் ஒரு சிறு மதிப்பூதியமும் வேண்டும். தாய்மார்களோடு முன்கூட்டியே பேச வேண்டும். ஆண்பிள்ளைகளுக்கும் இதேபோன்ற ஏற்பாடு தனியே வேண்டும். தோழி சொல்லக் கேட்ட இரகசியம் ஊருக்குள் பரவாது என்ற உறுதி எல்லாவற்றுக்கும் அடிப்படை. அடித்துத் துன்புறுத்தியவன் பற்றிய செய்தியானால், அதைத் தனியே சுமக்காமல் செவிலியரிடமும் குழந்தைகள் உதவி எண் 1098-லும் சேர்ப்பிக்க அந்தத் தோழிக்குத் தெரிந்திருக்க வேண்டும். 19 வயது நிரம்பாத தாய்க்குப் பணமாக இல்லாவிட்டாலும், ஊட்டச்சத்தும் பரிசோதனையும் கேள்வியின்றிக் கிடைக்க அரசு வழிகாண வேண்டும்.

உத்திரமேரூருக்கு இது அயலான யோசனை அன்று. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, வாரிய உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்த முறையை அவை விவரிக்கின்றன. 35 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு அதில் இடமில்லை. நிலமும் வேதக் கல்வியும் கேட்கப்பட்டன. பெண்கள் அந்தக் குடத்தின் அருகில்கூட இல்லை. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்குப் பின் இன்று, தமிழக ஊராட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அதில் சாலையும் குடிநீரும் பேசப்படுகின்றன. பெண்பிள்ளைகளின் உடல்நலத்துக்காக ஒரு தீர்மானம் வைக்க எந்தச் சட்டமும் தடையாக இல்லை.

புதுக்கோட்டையில் பூப்பெய்திய நாளில் பள்ளியை இழந்த ஒரு சிறுமி, பிற்காலத்தில் ஓர் அவையில் எழுந்து நின்று, தன்னைப் போன்றவர்களின் உடலைப் பற்றித் தயங்காமல் பேசினார். அவர் பெயரை ஏற்கெனவே ஊருக்கு ஊர் கொண்டுசேர்த்துவிட்டோம். அடுத்துக் கூடும் கிராம சபையில், ஒரு பெண் ஊராட்சித் தலைவர் அந்தத் தீர்மானத்தை முன்மொழிந்தால் போதும். அவருடைய பணியும் அவ்வூருக்கு வந்துவிடும்.